மூக்குக்கு இரண்டு சொட்டு

இங்கே உட்காரம்மா, இடம் இருக்கிறது. உன் பையை நான் கால் பக்கம் வைத்துக்கொள்கிறேன், நீ பிள்ளையைப் பார். ஜன்னல் பக்கம் நானே இருக்கிறேன். கைப்பிள்ளைக்கு எதிர்க்காற்று ஆகாது. இந்த வெள்ளைப் பை மட்டும் என் மடியில் இருக்கட்டும். உள்ளே ஒரு பாட்டில் இருக்கிறது. கவிழ்ந்துவிடக் கூடாது.

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். எட்டயபுரம் தாண்டுகிறவரைக்கும் கூட்டம் இப்படித்தான் நிற்கும். அப்புறம் அருப்புக்கோட்டை வரை காலை நீட்டலாம்.

எத்தனை மாதம்? நான்கா? நான்குக்கு நல்ல வளர்த்தி. தலை நின்றுவிட்டதே, ஸ்தோத்திரம். மூக்குதான் கொஞ்சம் அடைத்திருக்கிறது போல. கர்கர் என்கிறது. பஸ் இரைச்சலில் உனக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். பிள்ளைகளின் மூச்சை என் காது தனியாகப் பிரித்து எடுத்துவிடும். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகளில் பாதி என் காலில் குளித்ததுதான். காலை நீட்டிப் போட்டு, பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, முதுகில் தண்ணீர் விட்டால் அது கொட்டாவி விடும் பார், அந்தக் கொட்டாவிக்காகவே குளிப்பாட்டலாம். கூலி வாங்கினதில்லை. வெற்றிலையோ ஒரு சீப்புப் பழமோ கொடுப்பார்கள், போதும். ஆண்டவர் கொடுத்த கை.

எனக்கு மூன்று பிள்ளைகள். பெரியவன் தங்கதுரை திருப்பூர், நடுவில் ஜெபசெல்வி வேலூர், சின்னவன் எபனேசர் மஸ்கட். ஆளுக்கு ஒரு திசை. பேரப்பிள்ளைகளைப் போனில்தான் குளிப்பாட்ட வேண்டும். அதனால்தான் மாடி வீட்டுப் பிள்ளை மேல் உயிரை வைத்துவிட்டேன்.

அவனைத்தான் பார்க்கப் போகிறேன். ஆரோன். வருகிற வாரம் ஆறு மாதம் முடிகிறது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். நுரையீரல். நாளைக்குக் காலை பத்து மணிக்கு விலாவைக் கீறப் போகிறார்களாம். நல்லவேளை, உனக்கு இதெல்லாம் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அவன் அம்மா ஷீபா. எங்கள் மாடியில் குடியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை கப்பலில். ஆறு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. ஷீபாவுக்குத் தாய் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்து ஆட்டோவில் வந்து இறங்கி, படியில் ஏறப் பயந்துகொண்டு நின்றாள். நான்தான் ஓடிப்போய் வாங்கினேன். "பெரியம்மா, இவன் தல நிக்கவே மாட்டேங்கு, எப்படித் தூக்குததுன்னே தெரியல" என்று அழுதாள். "ஏ பிள்ள, பெறந்து ஆறு நாளு ஆவுது, அதுக்குள்ள தல நின்னு அவன் சல்யூட்டா அடிப்பான்" என்றேன். சிரித்துவிட்டாள். அன்றைக்கு ஒட்டினதுதான்.

இருபத்தோராம் நாள் முதல் குளியல். கேள், நான் ஏனோதானோ என்று செய்கிறவள் இல்லை. செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெய். அதையும் அப்படியே எடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் போதகர் ஐயா கைவைத்து ஜெபித்த பாட்டில். உச்சிக்கு, மார்புக்கு, முதுகுக்கு, கைகால் மடிப்புக்கு. எல்லாம் முடிந்து துவட்டின பிறகு மூக்குக்கு இரண்டு சொட்டு, அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. லேசாக ஊதிவிடுவேன். நாக்கில் ஒரு சொட்டு. என் மாமியார் அப்படித்தான் செய்தார்கள், அவர்கள் மாமியாரும் அப்படித்தான். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு வீறிட்டு அழும். அழட்டும். அழுதால்தான் மார்பு விரியும் என்பார்கள்.

ஷீபா முதல் நாளே சொன்னாள். "பெரியம்மா, ஒடம்புக்குத் தேயுங்க. மூக்குலயும் வாயிலயும் மட்டும் வேண்டாம். நர்ஸ் ரெண்டு தடவ சொல்லி அனுப்பிருக்காங்க."

"சரி பிள்ள" என்றேன்.

சரி என்றது சண்டை வேண்டாம் என்றுதான். அந்த நர்ஸுக்கு எத்தனை வயது இருக்கும்? இருபத்திரண்டு இருக்குமா? ஒரு பிள்ளையைக் காலில் போட்டிருப்பாளா? நான் ஷீபாவிடம் வாதாடவில்லை. அவள் துண்டு எடுக்க உள்ளே போவாள், அல்லது அடுப்பில் பால் வைத்திருப்பாள். அந்த நேரம் போதும். ஒரு ஜெபம் சொல்கிற நேரம். ஒளித்துச் செய்ததாக நினைத்துவிடாதே. அவள் மனம் கஷ்டப்படக் கூடாது என்று அவள் பார்க்காத நேரத்தில் செய்தேன், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் நன்றாக இருந்தான். அப்புறம்தான் மூச்சு. முதலில் நான்தான் கவனித்தேன். தூங்குகிற பிள்ளை நாய்க்குட்டி மாதிரி வேகவேகமாக வாங்கினான். விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. காய்ச்சல் இல்லை. சளி வெளியே வரவில்லை. பால் குடிக்க ஆரம்பித்தால் நாலு வாய் குடித்துவிட்டுக் களைத்து விட்டுவிடுவான். தலையெல்லாம் வேர்வை. எங்கள் ஊர் டாக்டர் மருந்து கொடுத்தார், அப்புறம் ஊசி, அப்புறம் வேறு ஊசி. படம் எடுத்தால் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாய். எடை ஏறவே இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. உபவாசம் ஒரு நாளாக இருந்ததை இரண்டு நாளாக்கினேன். எண்ணெயும்தான். பிள்ளைக்குச் சளி கட்டியிருக்கிறதே என்று சாயங்காலமும் இரண்டு சொட்டு சேர்த்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ஷீபா அவள் சித்தி வீட்டுக்கு மார்த்தாண்டம் போனாள். பத்து நாள். திரும்பி வரும்போது பிள்ளை முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது, சிரித்தான். ஊருக்கு வந்து ஒரு வாரத்தில் பழையபடி குழி விழுந்துவிட்டது. அப்போதே சொன்னேன், "ஷீபா, இந்த உப்புக்காத்து இவனுக்கு ஒத்துக்கிடல, மலைக்காத்துதான் ஒத்துக்கிடுது." தெருவில் எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

அப்புறம் ஒருநாள் காலை உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸில் மதுரை. நானும் கூடப் போனேன்.

அங்கே ஒரு லேடி டாக்டர், வானதி என்று பெயர். சின்ன வயதுதான், குரல் ஏறவே ஏறாது. வளையத்துக்குள் படுக்க வைத்து எடுக்கிற பெரிய படம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை உட்கார வைத்துச் சொன்னாள். நுரையீரல் முழுக்கச் சின்னச் சின்னக் காற்று அறைகளாம். அறைக்கும் அறைக்கும் நடுவில் சுவர். பாலித்தீன் மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டியது, சாக்கு மாதிரித் தடித்துவிட்டதாம். காற்று வருகிறது, ரத்தத்துக்குள் போக வழி இல்லை. இது ஒரே வியாதி இல்லையாம், நூறு காரணம் உண்டாம். பிறவியிலேயே அறைகள் ஒட்டாமல் இருக்க ஒரு வழுவழுப்பு வேண்டுமாம், அது சரியாக அமையாத பிள்ளைகள் உண்டு. கிருமியால் வரும். பால் புரையேறிப் புரையேறி வரும். மூச்சில் போகிறதனால் வரும். சிலது வளர வளர ஆறிவிடும். சிலது ஆறாது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"ஆமா டாக்டர். அத்தை மகன்."

"வீட்டுல, பக்கத்துல, புறா வளக்கிறாங்களா?"

"இல்ல."

"கொசுவத்தி? சாம்பிராணிப் புகை?"

"சாம்பிராணி எப்பவாவது."

"பால் குடிக்கும்போது புரையேறுமா?"

"ஏறாது டாக்டர்."

"மூக்குல, தொண்டையில எண்ணெய் விடுறது உண்டா? குளிப்பாட்டுறப்போ?"

"இல்ல டாக்டர். விடக்கூடாதுன்னு முதல்லயே சொல்லிட்டேன். பெரியம்மாதான் குளிப்பாட்டுவாங்க." ஷீபா என் பக்கம் திரும்பினாள். "விட்டதில்லல்ல பெரியம்மா?"

"இல்ல" என்றேன்.

ஒரே ஒரு சொல். வாயில் இருந்து தானாக வந்துவிட்டது.

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, யாரையும் குத்தம் சொல்லக் கேக்கல. தண்ணி உள்ள போனா பிள்ளை இருமித் தள்ளிடும். எண்ணெய் அப்படி இல்ல. சத்தமில்லாம இறங்கிடும். இறங்கினது லேசுல வெளிய வராது. அப்படி விட்டிருந்தா, அது தெரிஞ்சாப் போதும், பார்க்கிற விதமே மாறும்."

"இல்லம்மா" என்றேன். இரண்டாவது தடவை.

நீயே சொல். ஜெபித்த எண்ணெய் எப்படியம்மா கெடுதல் செய்யும்? அதுவும் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. அந்த டாக்டர் படித்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் காலில் குளித்த எத்தனை பிள்ளைகள் இன்றைக்கு இன்ஜினியர்! ஒருவன் போலீஸ்!

அப்போதிருந்து பிறவிக் கோளாறு என்கிற பேச்சுதான். ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பியிருக்கிறார்கள், வர ஒன்றரை மாதம் ஆகுமாம். பிறவிக் கோளாறு என்றால் ஒரு வயதைத் தாண்டுவது கஷ்டம், அடுத்த பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். ஷீபாவின் மாமியார் வராந்தாவில் எல்லார் காதிலும் விழ, "எங்க கூட்டத்துல இப்படி ஒரு மூச்சு கெடையாது. இவ அம்மையும் நெஞ்சுநோவுலதான போனா. அங்க இருந்து வந்திருக்கு" என்றாள். மாப்பிள்ளை கப்பலில் இருந்து பேசி, இனிப் பிள்ளையே வேண்டாம் என்று அழுதாராம். ஷீபா மெலிந்து பாதியாகிவிட்டாள். "என் ஒடம்புலதான் கோளாறு பெரியம்மா. நான்தான் என் பிள்ளைக்குக் குடுத்துட்டேன்" என்கிறாள்.

அப்படிச் சொல்லாதே என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

பதினாலு நாளாக அங்கே இருக்கிறான். இப்போது கொஞ்சம் பரவாயில்லையாம். காற்றைக் குறைத்து வைத்தாலும் தாங்குகிறானாம். டாக்டருக்கே ஆச்சரியம். எங்கள் சபையில் பதினாலு நாளும் ஆள் மாற்றி ஆள் சங்கிலி ஜெபம் நடக்கிறதே, அதுதான். ஆனாலும் காரணம் தெரியாமல் மருந்தைத் தொடர முடியாதாம். அதனால்தான் நாளைக்கு விலாவைக் கீறி, நுரையீரலில் நகக்கண் அளவு எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். மயக்கம் கொடுத்தால் மூச்சு மெஷினில் போட வேண்டி வரலாம். போட்டால் எடுக்க முடியாமலும் போகலாம். ஷீபாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நான் ஊருக்குத் திரும்பியிருந்தேன், நேற்று போன் பண்ணினாள். "பெரியம்மா, நீங்க வந்து அவன் தலையில கைவச்சு ஜெபிங்க. நீங்க கைவச்சா எனக்குத் தைரியம்."

அதுதான் இந்தப் பாட்டில். நேற்றே ஐயாவிடம் புதிதாக ஜெபித்து வாங்கினேன். திரை போட்ட கட்டில்தான். ஷீபா தண்ணீர் குடிக்க எழுந்து போனால் போதும். இரண்டு சொட்டு.

என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது? வெயில் படுகிறதா? திரையை இழுத்து விடட்டுமா?

நான்கு என்று சொல்லியிருக்க வேண்டும். நீ கேட்டபோது... இல்லை, நீ கேட்கவில்லை, நானாகத்தான் மூன்று பிள்ளைகள் என்றேன். பெற்றது நான்கு. ஜெபசெல்விக்கும் எபனேசருக்கும் நடுவில் ஒன்று. பியூலா. நல்ல நிறம். இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். ஏழு மாதம் இருந்தாள்.

அப்போது ஆஸ்பத்திரியில் இவ்வளவு பெயர் எல்லாம் இல்லை. நெஞ்சுச்சளி என்றார்கள். இவளும் அப்படித்தான், வேகவேகமாக... பால் குடிக்கையில் வேர்க்கும். காய்ச்சல் இல்லை. சளி இளகட்டும் என்று நான் காலையும் மாலையும்... ஒருநாள் மத்தியானம் துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தேன். தொட்டிலில் தூங்குகிற மாதிரியே இருந்தாள். அழவில்லை, இருமவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கூட வாசலில்தான் இருந்தாள், ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றாள்.

ஆண்டவர் பறித்துக்கொண்டார் என்று ஐயா அடக்க ஆராதனையில் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் முப்பத்து நான்கு வருடம் நடந்தேன். அது ஆண்டவர் செய்தது. அதை யாரும் கேட்க முடியாது. நானும் கேட்கவில்லை.

அந்த டாக்டர் சத்தமில்லாம இறங்கிடும் என்றாளே, அந்தச் சொல்தான் பதினாலு நாளாகப் போக மாட்டேன் என்கிறது. ஜெபத்தில் உட்கார்ந்தால் அது முந்தி வந்து உட்காருகிறது. சின்ன வயதுப் பெண், வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள். இல்லையா? நீ படித்த பிள்ளை மாதிரி இருக்கிறாய். நீ சொல்லேன்.

சரி, விடு. 

ஐயோ, பார், உன் பிள்ளை மூச்சுக்கு வாயைத் திறக்கிறான். மூக்கு நன்றாக அடைத்துவிட்டது. இரு, இதைத் திறக்கிறேன். விரலில் தொட்டு, கொஞ்சம் சூடு பறக்கத் தேய்த்து... ஒரு சொட்டுதான், ஒன்றும் செய்யாது. தலையை இப்படிச் சாய்த்துப் பிடி.

ஏனம்மா பிள்ளை மூக்கைக் கையால் மூடுகிறாய்?

இல்லை. கோபமில்லை. எடுக்க வேண்டாம். கையை எடுக்க வேண்டாம். அப்படியே மூடிக்கொண்டிரு.

உனக்கு என்னைத் தெரியாது. மதுரையில் இறங்கிப் போனால் நானும் நீயும் பார்க்கப் போவதில்லை. பெரியவள் மனம் நோகுமே என்று நீ நினைக்கவில்லை. கை தானாகப் போய் மூடிவிட்டது. தாயின் கை. பியூலாவுக்கு அப்படி மூட ஒரு கை இல்லாமல் போயிற்று. அவளுக்கும் நான்தானே அம்மா.

இந்த மூடியைத் திருகிக் கொடு. என் விரல் வழுக்குகிறது.

எறிய வேண்டாம். ஜெபித்த எண்ணெய். அதோடு, டாக்டரிடம் காட்ட வேண்டும், இதுதான் என்று.

உன் பையில் பேனா செருகியிருக்கிறதே, எழுதுமா? எனக்கும் எழுதத் தெரியும், ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். ஆனால் பஸ் ஆடுகிறது. நான் சொல்கிறேன், நீ எழுது. இந்தா பேப்பர். சபையில் கொடுக்கிற ஜெப விண்ணப்பச் சீட்டுதான். முன்பக்கம் "ஆரோன், மூச்சு" என்று எழுதி வைத்திருக்கிறேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, அதில் எழுது. அங்கே போய் நின்றால் ஷீபா முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவையும் இல்லை என்று சொல்லிவிடுவேன். என் வாயை எனக்குத் தெரியும். எழுதினது கையில் இருந்தால் நீட்டிவிடலாம்.

எழுது. டாக்டர் அம்மாவுக்கு. மூக்கில் எண்ணெய் விட்டேன். விட்டார்கள் என்று எழுதாதே, விட்டேன் என்று எழுது. தேங்காய் எண்ணெய். மூக்குக்கு இரண்டு சொட்டு, நாக்கில் ஒன்று. இருபத்தோராம் நாளில் இருந்து. தினமும். ஆஸ்பத்திரிக்கு வருமுன் கடைசி இரண்டு மாதம் இரண்டு வேளை. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் மட்டும் விடவில்லை. ஊரில் இல்லை, அதனால் விடவில்லை. அந்தப் பத்து நாள்தான் அவன்...

எழுதிவிட்டாயா? அதையும் எழுது. பத்து நாளும் சிரித்தான் என்று.

ஷீபாவுக்குத் தெரியாது. அதைப் பெரிய எழுத்தில் எழுது. அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அவள் உடம்பில் கோளாறு இல்லை. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்கிறாயா? சரி. அப்படியானால், கோளாறு இல்லாமல் இருக்கலாம் என்று எழுது. நாளைக்குக் கீறுகிறதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும் என்று எழுது. பத்து மணிக்கு முன்னால்.

கீழே என் பெயர். ஞானப்பூ. ஷீபா இதைப் படித்தபின் "பெரியம்மா" என்று இனி ஒருபோதும் கூப்பிட மாட்டாள். கூப்பிட வேண்டாம். பிள்ளை கூப்பிட்டால் போதும், அவன் அவளை அம்மா என்று கூப்பிட்டால் போதும்.

இன்னும் ஒரு வரி. பியூலா, ஏழு மாதம்.

வேண்டாம், வேண்டாம், அது வேண்டாம். அதை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வாள்? அதற்கு ஒரு மருந்தும் கிடையாது.

எழுதிவிட்டாயா?

சரி. அந்த வரியை அடிக்காதே. இருக்கட்டும்.